விடுதலைப் பத்திரம்: ஃபிரான்சைஸ் கடையை விற்கும்போது கூடவே போவது என்ன?

சொந்தக் கடையை விற்க, வாங்குகிறவர் ஒருத்தர் கிடைத்தால் போதும். ஃபிரான்சைஸ் கடை அப்படி இல்லை. போர்டில் இருக்கும் பெயர் கம்பெனியுடையது, சமையல் முறை கம்பெனியுடையது, பல சமயம் கடை வாடகை ஒப்பந்தமே கம்பெனி பெயரில்தான் இருக்கும். அதனால் விற்பதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும், பாக்கி எல்லாம் தீர்க்க வேண்டும், புதிதாக வருகிறவர் பயிற்சி எடுக்க வேண்டும், அவர் இன்றைய ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் புரிகிறது. கடைசியில் ஒன்று இருக்கும்: "இந்தக் கம்பெனி மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, இனிமேலும் எழுப்ப மாட்டேன்" என்று விற்கிறவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இதை ஜெனரல் ரிலீஸ் என்பார்கள். நம்ம ஊர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, விடுதலைப் பத்திரம். குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் தங்கை போடுவது. பெயரில்தான் விடுதலை. கையெழுத்துப் போடுகிறவர் எதிலிருந்தும் விடுபடுவதில்லை, தன் கையில் இருந்ததை விடுகிறார். ஃபிரான்சைஸ் ரிலீஸும் அதே ஜாதிதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த ஒரு நிபந்தனையைப் பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு முறை தீர்ப்பு சொல்லியிருக்கிறது, 2010-ல் ஒன்று, 2015-ல் ஒன்று. நம்மவர்கள் நிறைய பேர் டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் காபிக் கடை, பீட்சாக் கடை, சாண்ட்விச் கடை என்று ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துவதால் இது எங்கேயோ நடக்கிற விஷயமும் இல்லை. இரண்டு தீர்ப்புமே நல்ல தீர்ப்பு என்பது என் கருத்து. ஆனால் பிரச்சினையின் பாதியைத்தான் தீர்த்தன. மீதிப் பாதி ஏன் அப்படியே நிற்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

அந்த ஒரு பத்தியை வாசிப்பது

முதலில் ரிலீஸ் வாசகத்தையே ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்க்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி சொற்கள் மாறும், அமைப்பு மாறாது.

யாருக்கு விடுதலை? கம்பெனிக்கு, அதன் தாய்க் கம்பெனிக்கு, கிளைக் கம்பெனிகளுக்கு, இயக்குநர்களுக்கு, ஊழியர்களுக்கு, பங்குதாரர்களுக்கு, அவர்களுடைய வாரிசுகளுக்கு. எதிலிருந்து? தெரிந்த கோரிக்கை, தெரியாத கோரிக்கை, சந்தேகப்பட்டது, சந்தேகமே படாதது, எல்லாவற்றிலிருந்தும். எந்தக் காலத்துக்கு? அமெரிக்கப் படிவங்கள் பலவற்றில் இன்றைக்கும் "உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை" என்றே இருக்கிறது. சிரிப்பு வரலாம். ஆனால் எழுதிய வக்கீல் விளையாட்டுக்கு எழுதவில்லை, ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்.

இதில் நான் கவனித்தது இரண்டு விஷயம்.

ஒன்று, திசை. பெரும்பாலும் இது ஒருவழிப் பாதை. கடைக்காரர் கம்பெனியை விடுவிக்கிறார், கம்பெனி கடைக்காரரை விடுவிப்பதில்லை. அவர் கொடுத்த சொந்த உத்தரவாதம், வாடகை ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து, கடை மூடிய பிறகும் தொடரும் போட்டித் தடை எல்லாம் தனியாகப் பேசி ரத்து செய்தால் ஒழிய அப்படியே இருக்கும். கடை கைமாறியாச்சு, லாபம் இனி இன்னொருத்தருக்கு. ஆனால் புது ஆள் வாடகை கட்டாவிட்டால் பழைய ஆளின் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

இரண்டு, காலம். ரிலீஸில் கையெழுத்து விற்கும் நாளில்தான். ஆனால் "விற்கும்போது ரிலீஸ் தருவேன்" என்ற வாக்குறுதி முதல் நாள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பத்து வருட ஒப்பந்தம் என்றால், இனி பத்து வருடத்தில் நீங்கள் எனக்கு என்ன செய்தாலும் போகும்போது மன்னித்துவிடுவேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்த மாதிரி. செய்யாத தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்பு. கல்யாண மண்டபத்திலேயே ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்குவது போல.

ஏன் அந்த நேரத்தில்?

கம்பெனி மீது கடைக்காரருக்கு என்ன கோரிக்கை இருக்க முடியும்? நிறைய. விளம்பர நிதிக்கென்று மாதாமாதம் வாங்கிய பணம் வேறு எதற்கோ போயிருக்கலாம். குறிப்பிட்ட சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த சப்ளையரிடமிருந்து கம்பெனி தள்ளுபடிப் பணம் வாங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் காட்டிய விற்பனைக் கணக்கு உண்மைக்குப் புறம்பாக இருந்திருக்கலாம். இரண்டு தெரு தள்ளி அதே பெயரில் இன்னொரு கடைக்கு அனுமதி கொடுத்திருக்கலாம்.

இதில் பலவற்றைக் கடைக்காரர் விற்கும் நாள்வரை அறிந்திருக்கவே மாட்டார். சப்ளையர் தள்ளுபடி கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், கடைக்காரரின் பில்லில் இருக்காது. அதனால்தான் ஒன்டாரியோவின 2002-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம், வழக்குப் போட வேண்டிய 2 வருடத்தைத் தப்பு நடந்த நாளிலிருந்து எண்ணாமல், அது தெரியவந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுகிறது. ரிலீஸில் வரும் "தெரியாத கோரிக்கைகளும்" என்ற சொல் இந்தப் பாதுகாப்பை ஒரே கோட்டில் அடித்துவிடுகிறது. என்ன இழந்தோம் என்று தெரிவதற்கு முன்பே இழந்தாகிவிட்டது.

அந்த நேரத்தில் விற்கிறவர் எந்த நிலையில் இருப்பார் என்றும் பாருங்க. வாங்குகிறவர் பேங்க் கடன் ஒப்புதலோடு நிற்கிறார், அந்த ஒப்புதலுக்குக் கெடு இருக்கிறது. உடம்பு முடியாமல் விற்கலாம், நஷ்டத்தில் விற்கலாம், பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை என்று விற்கலாம். ஒரு உதாரணத்துக்கு, கடை 4 லட்சம் டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி மீது உள்ள கோரிக்கை 60,000 டாலர் மதிப்பு, அதுவும் நிச்சயமில்லை. ரிலீஸ் போட மாட்டேன் என்றால் 4 லட்சமும் தொங்கும். கணக்குத் தெரிந்த யாரும் கையெழுத்துப் போடத்தான் செய்வார்கள். இதைச் சம்மதம் என்று சொல்வதா? கம்பெனி அந்த 60,000-க்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே நியாயமாகக் கொடுக்க வேண்டிய அனுமதியைத்தான் விலையாகக் கொடுக்கிறது.

மைடாஸ், 2010

ஒன்டாரியோவில் ஃபிரான்சைஸ்களுக்கென்றே 2000-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஆர்தர் வைஷார்ட் பெயரில் அதை ஆர்தர் வைஷார்ட் சட்டம் என்கிறார்கள். அதன் பிரிவு 3 இரு தரப்பும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. பிரிவு 4 கடைக்காரர்கள் ஒன்றுசேரும் உரிமையைத் தருகிறது. பிரிவு 5-ன்படி, கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால் கம்பெனி தகவல் ஆவணம் கொடுக்க வேண்டும். பிரிவு 11 சின்னது, ஆனால் கூர்மையானது: இந்தச் சட்டம் தரும் உரிமையைக் கடைக்காரர் விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த வாசகமும் செல்லாது.

மைடாஸ் கார் சைலென்சர், பிரேக் வேலைக்குப் பேர்போன கடைத்தொடர். அதன் கனடாக் கடைக்காரர்கள் சார்பில் ஒரு கூட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ கடையை மாற்றிக் கொடுக்கவோ வேண்டுமென்றால் ரிலீஸ் தர வேண்டும் என்பது மைடாஸ் ஒப்பந்தத்தின் நிபந்தனை. விளைவு என்ன? வழக்கு நடக்க நடக்க, புதுப்பிக்க வேண்டியவர்களும் விற்க வேண்டியவர்களும் ஒவ்வொருத்தராகக் கூட்டத்திலிருந்து கழன்றுகொள்ள வேண்டியதுதான். வழக்கில் ஜெயிக்கத் தேவையில்லை, காலண்டர் ஓடினால் போதும்.

அந்த நிபந்தனை பிரிவு 11-க்கு விரோதம், செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் சொன்னது. அதே சமயம் ஒரு முக்கியமான வித்தியாசத்தையும் காப்பாற்றியது. 2006-ல் டியூட்டர் டைம் என்ற குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்தின் வழக்கில் கீழ் நீதிமன்றம் ஒரு ரிலீஸைச் செல்லும் என்று ஏற்றிருந்தது. அங்கே தகராறு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, தப்பு என்ன என்று கடைக்காரருக்குத் தெரியும், வக்கீல் வைத்துப் பேசி சமரசம் செய்துகொண்டார்கள். இது வேறு, முன்கூட்டியே வாங்கும் கண்மூடி மன்னிப்பு வேறு.

இந்த வித்தியாசம் சரியானது. சமரசமே கூடாது என்று சட்டம் சொன்னால் எல்லா வழக்கும் கடைசிவரை இழுக்கும், நஷ்டம் சின்ன ஆளுக்குத்தான்.

கோரா, 2015

அடுத்தது 2176693 ஒன்டாரியோ லிமிடெட் எதிர் கோரா ஃபிரான்சைஸ் குரூப். (அங்கே கம்பெனிக்குப் பெயர் வைக்காவிட்டால் அரசாங்கம் கொடுக்கும் எண்ணே பெயர்.) கோரா, கியூபெக்கில் தொடங்கிய காலை உணவுக் கடைத்தொடர். கடைக்காரர் விற்க விரும்புகிறார். ஒப்பந்தம் பொது ரிலீஸ் கேட்கிறது. மைடாஸ் தீர்ப்பு இருப்பதால் கம்பெனியின் வாதம் கொஞ்சம் மாறியது: "சரி, எங்கள் வாசகம் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டது. வைஷார்ட் சட்ட உரிமைகள் நீங்கலாக என்று நீதிமன்றமே சுருக்கிப் படித்துக்கொள்ளட்டும். மீதி ரிலீஸ் நிற்கட்டும்."

இந்த வாதத்துக்கு ஒரு பின்னணி உண்டு. கனடாவில் வருடத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது அப்போது குற்றம். அந்த வரம்பைத் தாண்டிய ஒரு கடன் ஒப்பந்தத்தை கனடா உச்ச நீதிமன்றம் 2004-ல் முழுசாகத் தூக்கிப் போடவில்லை. வட்டியைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குறைத்துப் படித்தது. கோரா கேட்டதும் அதே சலுகையைத்தான்.

நீதிமன்றம் மறுத்தது. அந்த நிபந்தனை மொத்தமாகச் செல்லாது என்ற கீழ் நீதிமன்றத்தின் முடிவை அப்படியே வைத்துக்கொண்டது. 2004 வழக்கில் எடுத்துக்கொண்ட அதே கேள்விகளைத்தான் இங்கும் பார்த்தார்கள்: சுருக்கிப் படித்தால் சட்டத்தின் நோக்கம் கெடுமா, பேரம் பேசும் பலம் இருபக்கமும் எப்படி, யாருக்காவது தகாத லாபம் போகுமா. ஃபிரான்சைஸில் ஒப்பந்தத்தை எழுதுவது கம்பெனி, சட்டம் வந்ததே பலம் குறைந்த பக்கத்தைக் காப்பாற்ற. அகலமாக எழுதிப் பிடிபட்டால் நீதிமன்றமே வெட்டித் தைத்துக் கொடுக்கும் என்றால், ஒழுங்காக எழுத யாருக்கு அக்கறை வரும்?

டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறினவர் பிடிபட்டால் டிக்கெட் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்க. யார் டிக்கெட் எடுப்பார்கள்? கோரா தீர்ப்பின் பலம் இந்த எளிய தர்க்கத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன குறை?

கோராவுக்குப் பிறகு கம்பெனி வக்கீல்கள் செய்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். நீதிமன்றம் சேர்க்க மறுத்த வரியைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்: "ஆர்தர் வைஷார்ட் சட்டம் தரும் உரிமைகள் நீங்கலாக." பிரிவு 11 காப்பது அந்தச் சட்டம் தரும் உரிமைகளை மட்டும்தான். சாதாரண ஒப்பந்த மீறல், கவனக்குறைவாகச் சொன்ன தவறான தகவல் போன்ற பொதுச்சட்டக் கோரிக்கைகளை அது தொடுவதில்லை. ஆக, அந்த ஒரு வரியோடு ரிலீஸ் மறுபடி எழுந்து நின்றுவிட்டது.

நியாய நடத்தைக் கடமையே சட்டத்துக்குள் இருப்பதால் பெரும்பகுதிக் கோரிக்கைகள் தப்பித்துவிடும், என்ன கவலை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏட்டளவில் அது சரி. ஆனால் ஒரே செயல் ஒப்பந்த மீறலாகவும் இருக்கும், நியாயமற்ற நடத்தையாகவும் இருக்கும். எந்தப் பெட்டியில் விழுகிறது என்று தீர்மானிக்கவே ஒரு வழக்கு நடத்த வேண்டும். கடையை விற்றுவிட்டுப் போன மனுஷன் அந்த வழக்கை நடத்துவாரா?

இங்கேதான் எனக்கு இரண்டு தீர்ப்பின் மீதும் உள்ள விமரிசனம். நீதிமன்றம் ரிலீஸைச் செல்லுமா செல்லாதா என்று மட்டும் பார்க்கிறது. ஆனால் ரிலீஸ் வேலை செய்வது நீதிமன்றத்தில் இல்லை, வீட்டு அலமாரியில். ஒரு வருஷம் கழித்து சப்ளையர் தள்ளுபடி விவரம் வெளியே வருகிறது. பழைய கடைக்காரர் ஃபைலை எடுத்துப் பார்க்கிறார். ஒரு பக்க நீளத்துக்கு "எல்லாக் கோரிக்கைகளையும், தெரிந்ததும் தெரியாததும்" என்று ஓடுகிற பத்தியின் வாலில் அந்த "நீங்கலாக" இருக்கிறது. "நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனே" என்று ஃபைலை மூடிவிடுகிறார். வக்கீலிடமே போவதில்லை. செல்லாத பத்திரமும் செல்லும் என்று நம்புகிறவர்மேல் செல்லுபடியாகும். இந்த நம்பிக்கையை மைடாஸும் கோராவும் தொடவில்லை. தொடவும் முடியாது, ஏனென்றால் தீர்ப்பு போய்ச் சேருவது வழக்குப் போட்டவருக்குத்தான்.

வேறு ஊர்களில்

அமெரிக்காவில் மத்திய அரசு விதி, கடையை மாற்றிக் கொடுப்பதற்கான நிபந்தனைகளைத் தகவல் ஆவணத்தின் 17-ஆவது பகுதியில் அட்டவணையாகக் காட்டச் சொல்கிறது. ரிலீஸ் வாங்குவதைத் தடுப்பதில்லை, வாங்குவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு என்கிறது. மாநிலங்கள் சில ஒருபடி மேலே போகின்றன. வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில், அந்தச் சட்டத்தின் உரிமைகளை விட்டுக்கொடுக்கும் ரிலீஸ் செல்ல வேண்டுமென்றால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு பேசி முடித்த சமரசமாக அது இருக்க வேண்டும், இரு தரப்புக்கும் தனித்தனி வக்கீல் இருந்திருக்க வேண்டும்.

கலிபோர்னியா இன்னொரு பாடம். அங்கே சிவில் சட்டம் 1542-ஆவது பிரிவு, பொது ரிலீஸ் தெரியாத கோரிக்கைகளைத் தொடாது என்கிறது. நல்ல பிரிவு. அதனால் படிவங்கள் என்ன செய்கின்றன? அந்தப் பிரிவை முழுசாக அச்சடித்து, கீழேயே "இதையும் நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று கையெழுத்து வாங்குகின்றன. பூட்டையும் கொடுத்து, பக்கத்திலேயே சாவியையும் தொங்கவிட்ட கதை.

ஆஸ்திரேலியா வேறு வழி எடுத்தது. அங்குள்ள ஃபிரான்சைஸ் நடத்தை விதிகளின்படி, பொது ரிலீஸ் உள்ள, அல்லது அதில் கையெழுத்துப் போடச் சொல்லும் ஒப்பந்தத்தையே கம்பெனி போடக் கூடாது. தகராறு வந்தபின் சமரசம் செய்துகொள்ளத் தடையில்லை. 2014-ஆம் ஆண்டு விதிகளில் இன்னொன்றும் இருந்தது. மாற்றிக் கொடுக்கச் சம்மதம் கேட்டு, தேவையான தகவலும் கொடுத்தபின் 42 நாளுக்குள் கம்பெனி மறுப்பு எழுதித் தராவிட்டால் சம்மதம் தந்ததாகவே அர்த்தம். எனக்கு இதுதான் விஷயத்தின் வேரைப் பிடித்த மாதிரி தெரிகிறது. ரிலீஸின் பலம் சொற்களில் இல்லை, சம்மதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நாளைக் கடத்தும் பலத்தில் இருக்கிறது. கெடு வைத்தால் அந்தப் பிடி தளரும்.

கம்பெனி பக்கம்

கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கடையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஒரு வருஷம் கழித்து வழக்கோடு வருகிறவர்களும் உண்டு. உறவு முடியும்போது கணக்கையும் முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது தப்பில்லை. ஆனால் கணக்கு முடிப்பது என்றால் இரண்டு பக்கமும் முடிக்க வேண்டும். நீ எனக்கு விடுதலை கொடு, உன் உத்தரவாதத்தை நான் கிழித்துப் போடுகிறேன் என்றால் அது பேரம். நீ மட்டும் கொடு என்றால் அது சுங்கச்சாவடி.

ஒன்டாரியோவில் சட்டத்தைத் திருத்துவதாக இருந்தால் மூன்றே மாற்றம் போதும் என்று தோன்றுகிறது. கடை மாற்றத்துக்கு நிபந்தனையாகப் பொது ரிலீஸ் கேட்கக் கூடாது, விதிவிலக்கு வரி இருந்தாலும்கூட. சம்மதத்துக்கு நாள் கெடு வேண்டும். சமரச ரிலீஸ் என்றால் எந்தத் தகராறு, அதற்கு என்ன கொடுக்கப்பட்டது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அதுவரைக்கும், இப்போது கடையை விற்கப் போகிறவர் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. இந்த ரிலீஸ் இருவழியா? என் சொந்த உத்தரவாதமும் வாடகைப் பொறுப்பும் எழுத்தில் ரத்தாகிறதா? "தெரியாத கோரிக்கைகள்" என்ற சொல்லை எடுக்க முடியுமா? விற்பனைத் தேதிக்கு எவ்வளவு முன்னால் இந்தத் தாள் என் கைக்கு வரும்? கடைசிக் கேள்வியை, வாங்குகிறவர் கிடைத்த அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் கேட்டுவிடுங்க. கடைசி நாள் மத்தியானம் நீட்டப்படும் தாளை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் ஒரு முறை அதை எடுத்து, ஒன்டாரியோ ஃபிரான்சைஸ் வழக்குகள் தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டலாம். இந்தக் குறிப்பு சட்ட ஆலோசனை இல்லை. அந்த ஃபைலை மறுபடி திறந்து பார்ப்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.